வெயிலில் விட்டுப் போனார்கள்

நான் காட்டில் வழிதவறிப்போன கதையை என் கணவர் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். நான் வழிதவறவே இல்லை. நடந்தது இதுதான்.

அறுபதுகளில், எங்களுக்குக் கல்யாணமான புதிது. மாட்டுங்காவில் குடியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஆபீஸ் நண்பர்கள் மூன்று பேரோடு மலைப்பக்கம் போய் நாள் முழுக்க நடப்பார். வீட்டுக்குள்ளேயே அடைந்துகிடந்து எனக்கு அலுத்துவிட்டது. ஒரு மே மாதம் நானும் வருகிறேன் என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் சம்மதித்தார்.

ரயிலில் போய் கர்ஜத்தில் இறங்கிக் காட்டுக்குள் ஏறினோம். நல்ல நிழல். அவர்களுக்குச் சமமாகவே நடந்தேன். காடு முடிந்ததும் வெறும் பொட்டல். கருகிய புல், கொதிக்கும் கருங்கல். அங்கேதான் என் செருப்பின் வார் அறுந்தது.

"நீ இந்த மரத்தடியில உக்காந்துக்கோ. அந்த உச்சியைப் பாத்துட்டு வந்துடறோம்" என்றார் அவர்.

"தண்ணியைக் குடுத்துட்டுப் போங்கோ."

"மேலே ஏற எங்களுக்கு வேணும். இதோ வந்துடுவோம்."

போய்விட்டார்கள். மரத்தில் ஓர் இலைகூட இல்லை. உச்சி வெயில் சாய்ந்தும் யாரும் திரும்பவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முதலில் பயந்தேன். பிறகு வந்த கோபத்தில் பயம் போன இடம் தெரியவில்லை. முந்தானையைக் கிழித்துப் பாதங்களில் சுற்றிக்கொண்டு, தூரத்தில் ரயில் கூவிய திக்கில் நடந்தேன். வழியில் ஒரு குடிசைக்காரி என்னைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் பானைத் தண்ணீரை மொண்டு கொடுத்தாள்.

நான் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் கழித்துத்தான் அவர்கள் வந்தார்கள்.

"எங்க போய்த் தொலைஞ்சே? இவா முன்னாடி என் மானத்தை வாங்கிட்டியே" என்றார்.

நண்பர்களில் ஒருவர், "கால்ல ரத்தம் வர்றதே" என்றார்.

"வீட்டுக்குப் போனா சரியாயிடும்" என்றார் என் கணவர், குனிந்துகூடப் பார்க்காமல்.

நான் எழுந்துபோய்ப் பெண்கள் பெட்டியில் ஏறிக்கொண்டேன். மாட்டுங்காவில் இறங்கி, அவருக்காக நிற்காமல் நடந்தேன். வீட்டு வாசலில்தான் வந்து சேர்ந்துகொண்டார்.

கதவைத் திறந்த மாமியார் என் காலைப் பார்த்துத் திகைத்து நின்றார். "வழி தப்பிட்டாம்மா" என்றார் இவர்.

"நான் ஒண்ணும் தப்பலை. தண்ணியையும் எடுத்துண்டு என்னை வெயில்ல விட்டுட்டுப் போனார் உங்க பிள்ளை."

"மெதுவாப் பேசு. பக்கத்தாத்துல கேக்கும்" என்றார் மாமியார்.

"கேக்கட்டும்" என்று இன்னும் உரக்கச் சொன்னேன். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. அவர்களிடமும் முதலிலிருந்து சொன்னேன்.