நஜீமா கொடுத்த கள்ளி

நாயுடுபுரத்துத் தையல்காரி நஜீமா எனக்கு எட்டாயிரம் ரூபாய் தர வேண்டியிருந்தது. அவள் புருஷன் சஜ்ஜாத் என் நர்சரியில் பூச்செடிகளைக் கடனுக்கு எடுத்து விற்றுவந்தார். கணக்கைத் தீர்க்காமலே காலமாகிவிட்டார்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கூடையில் நாற்று சுமந்து பிழைத்தவனை இன்று கொடைக்கானலின் பெரிய விடுதிக்காரர்கள் கார் அனுப்பி அழைக்கிறார்கள். செடி விஷயத்தில் இந்த நல்லசாமியை ஏமாற்ற ஆள் பிறக்கவில்லை. அதனால்தான், காசுக்குப் பதிலாக ஒரு சாக்கு நிறையச் சப்பாத்திக்கள்ளி மடல்களை நஜீமா கொண்டுவந்து இறக்கியபோது எனக்குப் பொறி தட்டியது.

"என்னம்மா, அடிவாரத்து வேலியில வெட்டுனதா?"

"இல்லண்ணே. நான் துணி தச்சுக் குடுத்த வெள்ளைக்கார டீச்சர் ஊருக்குப் போறப்பத் தந்தது. அவுங்க ஊருக் கடக்கரை மணல்ல மொளைக்கிற சாதி. எம்புட்டுப் பனி பேஞ்சாலும் வெட்டவெளியிலயே கெடக்கும். வளத்து வித்து, கடன் போக மிச்சத்தக் குடுங்க."

"செத்துப்போச்சுன்னா?"

"என் தையல் மிஷின எடுத்துக்கோங்க."

அந்த மிஷின்தான் அவளுக்குச் சோறு. அதையே பணயம் வைக்கிறாள் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. பாலித்தீன் கூடாரத்துக்குள் நான் வளர்த்த கள்ளிகளே மார்கழியில் கருகியிருக்கின்றன.

சரளையும் மணலும் கொட்டி மேடாக்கி, மடல்களை இரண்டு வரிசையாக நட்டேன். வேர் பிடித்தது. பனிக்காலம் தொடங்கியதும் நஜீமா வந்து சொன்னாள்: "இனிமே சொட்டுத் தண்ணி காட்டாதீங்கண்ணே."

சந்தேகம் இன்னும் வலுத்தது. இந்த மலையில் உறைபனி விழுந்தால், வெயில் படும் முன்னே தண்ணீர் தெளித்துக் கழுவிவிடுவோம். உருளைக்கிழங்கைக் காப்பாற்றுவது அப்படித்தான். தண்ணீரே வேண்டாம் என்கிறவள் எதை மறைக்கிறாள்? சோதிக்காமல் நான் எதையும் நம்பியவனல்ல. ஒரு வரிசைக்கு மட்டும் தினமும் ஊற்றினேன்.

தை மாதம் இரண்டு வரிசையும் சுருங்கி, ஊதா நிறமாகி, தரையோடு படுத்துவிட்டன. நேரே அவள் கடைக்குப் போனேன்.

"மிஷினுக்கு எண்ணெய் போட்டு வை. ஆளனுப்புறேன்."

அவள் கத்திரியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "படுக்குறது அதோட கொணம்ணே. உள்ள தண்ணி இருந்தா ஒறைஞ்சு வெடிச்சிரும்னு தானாச் சுருங்கிக்கிரும். பங்குனி வரைக்கும் பொறுங்க. எங்க வீட்டுக்காரருக்கு எம்புட்டு நாள் பொறுத்தீங்க!"

பொறுத்தேன். ஆனாலும் நான் இல்லாத நேரம் பார்த்துச் செடியை மாற்றிவிடுவாளோ என்று மடல்களில் சுண்ணாம்புக் குறி வைத்துவிட்டுத்தான் பொறுத்தேன்.

பங்குனி வெயிலில் காய்ந்து கிடந்த வரிசை தலைதூக்கியது. குறி வைத்த அதே மடல்கள். விளிம்பில் புது மொட்டு வேறு. தண்ணீர் குடித்த வரிசை கூழாக அழுகிக் கிடந்தது.

பிழைத்த வரிசையை ஒரு விடுதிக்காரர் மொத்தமாகப் பன்னிரண்டாயிரத்துக்கு எடுத்துக்கொண்டார். கடன் போக நாலாயிரத்தை நஜீமாவிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"இன்னொரு வரிசை என்னாச்சு?"

"அது அழுகிப்போச்சும்மா."

"தண்ணி படாம அழுகாதே. யாரு ஊத்துனா?"

நீட்டிய நோட்டுகளை மறுபடி எண்ணுவதுபோல் குனிந்துகொண்டேன்.

"நீங்க என்னைய நம்பல, சரி. அதுக்கு நான் எதுக்குண்ணே காசு அழணும்?"

இந்த மலையில் என்னிடம் இப்படிக் கேட்டவர் கிடையாது. அடுத்தவள் காசில் நல்லசாமி சோதனை போட்டான் என்று நாளைக்குப் பஜாரில் ஒருவன் பேசக் கூடாது. உள்பையில் கைவிட்டேன். அவள் கையை விரித்தாள். அழுகிய வரிசைக்கும் பன்னிரண்டாயிரம் சேர்த்துப் பதினாறாயிரத்தை ஒவ்வொரு நோட்டாக வைத்தேன். என் எண்ணிக்கையை நம்பாமல், கூடவே அவளும் வாய்விட்டு எண்ணினாள்.