விக்டோரியா வீட்டில் நடந்த பரீட்சை

சம்பத்குமாருக்குப் படிப்பில் ஆசை என்று சொன்னால் அது பாதி உண்மைதான். கும்மிடிப்பூண்டி ஸ்டவ் கம்பெனியில் படம் வரைகிற மேஜையை விட்டு எழுந்து, கையில் தோல்பையோடு ஊர் ஊராகப் போகிற அதிகாரியாக வேண்டும் என்பதுதான் மீதிப் பாதி. அப்பா ராமஸ்வாமி திருவள்ளூர்க் கோயில் மடப்பள்ளியில் தளிகை பண்ணுகிறவர். பிள்ளை மண்ணெண்ணெய் ஸ்டவ் வரைகிறான் என்பதே அவருக்குப் பிடிபடவில்லை. அதை விற்பதற்கும் படிக்கிறான் என்று தெரிந்ததும் விசாரிப்பதையே விட்டுவிட்டார்.

எழுபதுகளின் பின்பாதி அது. சென்னையில் ஒரு கல்லூரி, வேலைக்குப் போகிறவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் புதுமாதிரி பட்டப்படிப்பு ஒன்றை நடத்தியது. பாதி இன்ஜினீயரிங், பாதி விற்பனை. ஒரு பொருளைச் செய்யத் தெரிந்தால் போதாது. அதை யார் வாங்குவார், ஏன் வாங்குவார், வாங்கியபின் என்ன சொல்லித் திட்டுவார் என்பதும் தெரிய வேண்டும். கம்பெனியிலிருந்து சேர்ந்த இன்னொருவன் பாக்கியராஜ். தகடு அழுத்தி வடிவெடுக்கிற பிரஸ் ஷாப்பில் வேலை. டிப்ளமா படித்தவன். அவனுடைய அப்பா காலம்வரை குடும்பமே கும்மிடிப்பூண்டிப் பக்கத்து வயல்களில் கூலிக்குப் போனது. ஞாயிறு பூசைக்கு வராமல் மகன் பட்டணத்துக்கு ரயிலேறுகிறானே என்று அம்மா விக்டோரியாவுக்குக் குறைதான். ஆனாலும் சோறு கட்டிக் கொடுக்கத் தவறியதில்லை.

இருவருக்கும் ஒட்டிக்கொண்டது. கணக்கில் பாக்கியராஜ் புலி. பேச்சில் சம்பத்குமாரை அடிக்க ஆள் கிடையாது. மத்தியானம் அவனவன் டப்பாவை அவனவன் திறந்துகொண்டதால் வம்பில்லாமல் காலம் ஓடியது. ஞாயிறோடு ஏகாதசி சேர்ந்து வந்தால் சம்பத்குமார் பட்டினி. அன்றைக்குப் பாக்கியராஜும் டப்பாவை மூடியே வைத்திருந்து, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவான். யாரும் அவனைக் கேட்கவில்லை. அவனாகச் செய்தது.

கடைசி வருஷம் இருவரும் சேர்ந்து ஒரு பொருளைச் செய்து காட்ட வேண்டும். காற்றில் அணையாத திரி ஸ்டவ் ஒன்றைச் செய்தார்கள். அதைப் புழங்குகிற வீட்டுக்கே பேராசிரியர் வந்து பார்ப்பார், சமைத்ததைச் சாப்பிட்டுப் பார்ப்பார், அங்கேயே கேள்வி கேட்பார் என்று ஏற்பாடு. சம்பத்குமார் வீட்டு அடுப்பங்கரைக்குள் மண்ணெண்ணெய் நுழையாது. ஆகவே விக்டோரியாவின் வீடு என்று முடிவாயிற்று.

அந்த அம்மாள் செய்த ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும். ஐயங்கார் வீட்டுப் பிள்ளை வருகிறான் என்று முதல் நாளிலிருந்தே வீட்டில் மீன் கிடையாது. சந்தையில் புதுப் பாத்திரம் வாங்கி, அதில்தான் உலை வைத்தாள். வெங்காயம் ஆகுமா ஆகாதா என்று மகனைக் கேட்டுக் கேட்டு, கடைசியில் போடாமலே சாம்பார் வைத்தாள். ஸ்டவ் அழகாக எரிந்தது. பேராசிரியர் சப்பணமிட்டு உட்கார்ந்து இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

சம்பத்குமாரின் முன்னாலும் இலை விழுந்தது. சோறு விழுந்தது. ஆவி பறந்தது. கை மட்டும் நீளவில்லை. அப்பா இருந்தது எங்கேயோ திருவள்ளூரில். பார்த்துச் சொல்ல ஓர் ஆள் கிடையாது. பெரிய கொள்கையெல்லாம் ஒன்றும் இல்லை. பிறந்ததிலிருந்து செய்யாததைச் செய்ய உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். சும்மா இருந்திருந்தாலாவது பரவாயில்லை. அந்தப் பாழாய்ப்போன பேச்சு சாமர்த்தியம் முந்திக்கொண்டது.

“மன்னிச்சுக்கோங்கோம்மா. இன்னிக்கு ஏகாதசி. நான் சாப்பிடறதில்லை.”

ஏகாதசி போன ஞாயிற்றுக்கிழமைதான் வந்து போயிருந்தது. அதற்காகப் பட்டினி கிடந்தவர்களில் பாக்கியராஜும் ஒருவன்.

விக்டோரியா பதறிப்போனாள். நாள் பார்க்காமல் ஆக்கிவிட்டேனே என்று மகனைத்தான் கடிந்துகொண்டாள். பாக்கியராஜ் ஒருமுறை சம்பத்குமாரைப் பார்த்தான். பிறகு குனிந்து அந்த இலையை எடுத்தான்.

“ஆமாம்மா. நான்தான் சொல்ல மறந்துட்டேன். அவரு இன்னிக்கி சாப்புட மாட்டாரு.”

அதுவரை அவனுக்குச் சம்பத்குமார் ‘சம்பத்து’தான், ‘நீ’, ‘வா’, ‘போ’தான். அந்த ‘அவரு’ சம்பத்குமாருக்குச் சுருக்கென்றது. பேராசிரியருக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் நல்ல மார்க் போட்டுவிட்டுப் போனார்.

இன்னும் ஒரே ஒரு பேப்பர் பாக்கி. அதை எழுதினால் பட்டம். ஆனால் அடுத்த ஞாயிறு பாக்கியராஜ் வகுப்புக்கு வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. சம்பத்குமாருக்கு மனசு கேட்கவில்லை. ஷிப்ட் விடுகிற நேரத்தில் கம்பெனி கேட்டில் காத்து நின்று அவனைப் பிடித்தான். தப்பு என்னுடையது, அதற்காகப் படிப்பை விடாதே, வந்து எழுது என்று கெஞ்சினான். பாக்கியராஜிடம் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

“எங்கம்மா ஆக்குன சோத்தையே உங்களாண்ட விக்க முடியல சார். நான் யாரு ஊட்டுக்குள்ள போயி இன்னாத்த விக்கப் போறேன்?”

பாக்கியராஜ் பரீட்சை எழுதவில்லை. பிரஸ் ஷாப்பிலேயே இருந்துவிட்டான். சம்பத்குமார் எழுதினான், பட்டம் வாங்கினான், ஆசைப்பட்ட தோல்பையும் கைக்கு வந்தது.

விற்பனை வேலை கிடைத்த புதிதில் சூலூர்ப்பேட்டையில் சடையப்பன் என்ற மொத்த வியாபாரியைப் பார்க்கப் போனான். பெரிய ஆர்டர். மனுஷன் சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று வீட்டுக்குள் இழுத்துப் போனார். கறி வெந்துகொண்டிருந்த அடுப்பங்கரை. அதே கரண்டி பட்ட ரசமாகவும் இருக்கலாம். சம்பத்குமார் உட்கார்ந்தான், சாப்பிட்டான், ரசம் பிரமாதம் என்று இன்னொரு கை கேட்டு வாங்கினான். உடம்பு ஒரு ஆட்சேபமும் சொல்லவில்லை. ஆர்டர் கிடைத்தது.

விக்டோரியா வீட்டில் நீளாத கை இங்கே நீண்டதே என்பது திரும்பும்போது ரயிலில்தான் உறைத்தது. வண்டி கும்மிடிப்பூண்டியில் நின்றது. இறங்கிப் போய், அம்மா பசிக்கிறது, சோறு போடுங்கள் என்று கேட்டுவிடலாமா என்று எழுந்து வாசல்வரை வந்தான். விக்டோரியா போடாமல் இருக்கமாட்டாள். ஆனால் ஆர்டருக்காக எவன் வீட்டிலும் சாப்பிடுகிறவன் இப்போது அங்கே சாப்பிட்டு என்ன ஆகப்போகிறது? அதுவும் ஒரு வியாபாரம் என்றுதான் பாக்கியராஜ் நினைப்பான். அப்படி நினைத்தால் அது தப்பும் இல்லை. வண்டி கிளம்பியது. அவன் இறங்கவில்லை.