ஓல்ஷினாவின் எல்லையைச் சொன்ன மதோஷ்

ஆறு வருடங்களாக ஓல்ஷினாவில் புகை வந்தது ஒரே வீட்டிலிருந்துதான். அது மதோஷின் வீடு.

தெற்கு பொஹீமியாவின் காட்டைத் திருத்தி அந்த ஊரை உண்டாக்கியவர்கள் மடத்துத் துறவிகள். பதினொரு குடும்பங்களுக்கு நிலம் அளந்து கொடுத்தார்கள். மதோஷுக்கு அப்போது மீசை அரும்பும் வயது. எல்லைக்கல் நடக் குழி வெட்டியவர்களில் அவரும் ஒருவர். பிறகு மதச் சண்டை வந்தது. கிண்ணம் வரைந்த கொடியோடு வந்த படை மடத்தைக் கொளுத்தியது. அவர்களைத் துரத்தி வந்த படை ஊரைக் கொளுத்தியது. துறவிகள் நாட்டை விட்டே ஓடினார்கள். ஊர்க்காரர்கள் மதில் சூழ்ந்த பட்டணத்துக்குப் போய் ஒண்டிக்கொண்டார்கள். மதோஷின் மனைவி அனெஷ்கா காய்ச்சலில் கிடந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாதென்று அவர் தங்கிவிட்டார். பத்தாம் நாள் அவள் போய்விட்டாள். உறைந்த மண்ணைக் கோடாரியால் கொத்திப் புதைத்தார். அதற்குப் பிறகும் ஏன் கிளம்பவில்லை என்பது அவருக்கே தெரியாது.

ரை என்ற தானியத்தை விதைத்தார், டர்னிப் கிழங்கு போட்டார். எருது இருந்தவரை அதனோடு பேசினார். அது செத்த பிறகு, இடிந்த வீடுகளைக் கடக்கும்போது அந்தந்த வீட்டுக்காரன் பெயரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு போவார். தன் குரல் மறந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

ஏழாவது வசந்தத்தில் பொரெஷ் என்ற சிறு பிரபு மன்னரின் கடிதத்தோடு வந்தார். ஊர் இனி அவருடையது என்றார்கள். கிழக்கிலிருந்து ஒன்பது குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றினார். மனிதர்களைப் பார்த்த சந்தோஷத்தில் மதோஷுக்குப் பேச்சு வரவில்லை. தொண்டையில் ஏதோ உறுமல்தான் வந்தது. கரடி என்று பெயர் வைத்துவிட்டார்கள். செத்தவர்களோடு குடியிருந்த ஆள் என்று பெண்கள் அவர் வாசலைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

பொரெஷ் குதிரையிலிருந்து விழுந்து வாரிசில்லாமல் இறந்தார். ஊர் வேறொரு பெரிய பிரபுவின் கைக்குப் போனது. அவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஸ்லாவெக் என்ற காரியக்காரர்தான் வந்து அதிகாரம் செய்தார்.

மழை பொய்த்த ஒரு கோடையில், ஓடைக்கு அக்கரையில் இருந்த புல்வெளி யாருடையது என்று ஓல்ஷினாவுக்கும் பக்கத்து ஊரான லிப்காவுக்கும் தகராறு முற்றியது. எல்லைக்கல்லைக் காணவில்லை. மடத்து ஏடுகள் எரிந்துபோயின. பழைய எல்லை தெரிந்த ஒரே ஆள் மதோஷ்தான் என்பது ஸ்லாவெக்குக்கு அப்போதுதான் உறைத்தது.

"கிழவா, புல்வெளி நம்மளதுன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லு. போன துறவிங்க திரும்பி வந்தா உன்னக் கேக்கப் போறாங்க?" என்றார்.

ஊரே மாறிப்போனது. ரொட்டி வந்தது, பீர் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசைக்கு நடுவில் அவரை உட்காரவைத்து, மதோஷ் மாமா, மதோஷ் மாமா என்று உபசரித்தார்கள். பக்கத்தில் இருந்தவனின் தோள் அவர் தோளில் இடித்தது. அந்தச் சூடு வீட்டுக்கு வந்த பிறகும் போகவில்லை.

சாட்சி நாளில் வழக்கப்படி அவர் வெறுங்காலோடு, இடுப்புவாரை அவிழ்த்துவிட்டு, முழங்கால் ஆழக் குழியில் இறங்கி நின்றார். புல்லோடு வெட்டிய மண்கட்டியைத் தலையில் வைத்தார்கள். பொய் சொன்னால் அந்த மண்ணே மூடிவிடும் என்று சொல்வார்கள். அவர் அதற்குப் பயப்படவில்லை. கல் நட்ட நாளில் கூட நின்ற அத்தனை பேரும் அவர் கண்முன் வந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட உயிரோடு இல்லை. தான் மாற்றிச் சொல்லிவிட்டால் அந்த நாள் நடக்கவே இல்லை என்று ஆகிவிடும்.

"கல்லு ஓடைக்கு நம்ம ஊர்ப் பக்கந்தான் இருந்துச்சு. நானும் சேந்துதான் நட்டேன். புல்வெளி லிப்காக்காரங்களோடது."

"கரடிக்குச் சோறு போட்டோம் பாரு, நம்மளச் சொல்லணும்," என்றான் கூட்டத்தில் ஒருவன். யாரும் சிரிக்கவில்லை. அவர் குழியிலிருந்து ஏறக் கைகொடுக்கவும் ஆளில்லை.

குளிர்காலத்தில் புல்லில்லாமல் மாடுகள் செத்தன. மதோஷின் வேலியை யாரோ பிடுங்கிப் போட்டார்கள். அவர் வீட்டுக்கு வந்தது மார்தா மட்டும்தான். புதுக்குடிகளில் ஒருத்தி, வாய்த்துடுக்கான விதவை.

"உங்க வாயால என் பசு போச்சு," என்றாள் உள்ளே வராமலே. "வைஞ்சிட்டுப் போகலாம்னுதான் வந்தேன். ஆனா பெரியவரே, இத்தன நாளா உங்களக் கண்டா பயமா இருந்துச்சு. இப்போ இல்ல."

பிறகு எப்போதாவது வருவாள். அடுப்பருகே உட்கார்ந்து ஊர் முழுவதையும் திட்டித் தீர்ப்பாள். அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

இரண்டு வருடத்தில் ஓல்ஷினா, லிப்கா இரண்டையும் ஒரே பிரபு வாங்கினார். எல்லை என்ற பேச்சே போய்விட்டது. இரண்டு ஊர் மாடுகளும் அதே புல்லை மேய்ந்தன. அந்தப் பிரபுவுக்கு வடக்கே இன்னொரு ஊரில் ஆள் தேவைப்பட்டது. நான்கு குடும்பங்களைப் பெயர்த்தார்கள். அதில் மார்தாவும் இருந்தாள். மதோஷ் தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டார். உழைக்கும் வயது தாண்டிவிட்டதென்று பிரபுவின் காரியக்காரர் மறுத்துவிட்டார்.

அவள் மூட்டையை, வண்டி நின்ற மேட்டு வளைவுவரை சுமந்து போனார்.

"அடுப்ப அணைய விடாதீங்க," என்றாள் மார்தா.

வண்டி மரங்களுக்குள் மறைந்த பிறகும் அவர் கொஞ்ச நேரம் நின்றார். ஊருக்குள் இறங்கும்போது எதிரே வந்த இருவர் பாதையை விட்டு விலகி நடந்தார்கள். அதற்குப் பிறகு மூன்று குளிர்காலங்கள் உயிரோடு இருந்தார்.