இசுமிக்கு வேட்டியா, புடவையா

எங்கள் வீட்டில் இரண்டு பெயர்களைச் சொல்வதில்லை. ஒன்று என் வீட்டுக்காரர் பெயர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதை நான் வாயால் சொன்னது கிடையாது. பெரிய பதிவிரதை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். என் அம்மா சொல்லவில்லை, அக்கா சொல்லவில்லை, எனக்கும் வரவில்லை, அவ்வளவுதான். கீழ்வேளூரில் தாலுகா அலுவலகத்தில் தட்டச்சராக இருக்கிறேன். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை என்று எத்தனையோ படிவங்களில் அவர் பெயரை அடித்திருக்கிறேன். அது சர்க்காருக்கு. வாயால் என்றால் ‘ஏங்க’ மட்டும்தான்.

இன்னொன்று எங்கள் ஒரே மகனின் பெயர். அதைச் சொல்லக் கூடாது என்று உத்தரவு போட்டவர் அவர். மூன்று வருஷத்துக்கு முன்னால், மகன் வேலைக்காக ஜப்பான் கிளம்பும் முந்தைய வாரம், இருக்கிற பத்து மா நிலத்தைக் கூட்டுப் பட்டாவாக்கி அவன் பெயரையும் சேர்த்துவிடலாம் என்று வி.ஏ.ஓ. அலுவலகத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே நாலு பேர் முன்னால் அவன், “என் பேரு வேண்டாம்ப்பா. நான் வந்து நடவு நடப் போறதில்ல. உங்க பேரே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டான். வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. “நெலத்துல வேண்டாத பேரு வீட்டுல எதுக்கு? இனிமே அவன் பேர இங்க யாரும் எடுக்கக் கூடாது” என்றார்.

அன்றிலிருந்து அப்பாவும் பிள்ளையும் பேசுவதில்லை. மகன் தினமும் சாயங்காலம் என்னைக் கூப்பிடுவான். போன் மணி அடித்ததும் இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சான்னு பாத்துட்டு வர்றேன்” என்று கிளம்பிவிடுவார். மேட்டூர் அணை மூடிக் கிடக்கிற மாதங்களிலும் தண்ணீர் பார்க்கப் போன விவசாயி இந்த டெல்டாவில் இவர் ஒருவராகத்தான் இருக்கும். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம். நடுவில் கிடந்து அல்லாடியவள் நான்தானே.

சித்திரையில் இவருக்கு அறுபது முடிந்தது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் என்று முடிவானது. “அவனுக்குச் சொல்ல வேண்டாம்” என்றார். நான் சொன்னேன். “அப்பா ஒரு வார்த்த கூப்புட்டா வர்றேம்மா” என்றான் மகன். இவர் கூப்பிடவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக இரண்டு பக்கமும் கெஞ்சி ஓய்ந்திருந்தபோது மகனிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. ‘எங்க கம்பெனியிலேர்ந்து இசுமி சென்னைக்கு வர்றாங்க. அப்பா கல்யாணத்தன்னிக்கு திருக்கடையூருக்கும் வருவாங்க. பாத்துக்கங்கம்மா.’

யார் இந்த இசுமி? மறுநாள் அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் தேடினேன். தேடியதில் சாதம் ஆறியதுதான் மிச்சம். அது ஆணுக்கும் வைக்கிற பெயராம், பெண்ணுக்கும் வைக்கிற பெயராம். அது போதாதென்று குடும்பப் பெயராகவும் இருக்குமாம். அந்தப் பெயரில் பிரபலமானவர்கள் என்று ஒரு நீளமான பட்டியல் இருந்தது. பாடகி, பந்து விளையாடுகிறவர், நடிகை, அரசியல்வாதி, படக்கதை வரைகிறவர், எழுதுகிறவர் என்று போய்க்கொண்டே இருந்தது. சிலருக்கு இசுமி சொந்தப் பெயர், சிலருக்கு வம்சத்துப் பெயர். ஒரு படத்தில் மீசை வைத்தவர் சிரிக்கிறார், அடுத்த படத்தில் கொண்டை போட்ட அம்மாள். ஒரே எழுத்தாக எழுதினால் ஊற்று என்று பொருள் என்றும் போட்டிருந்தது. சித்திரையில் ஆற்று மணலைத் தோண்டினால் வருகிறதே, அந்த ஊற்று.

எனக்கு இந்த மாதிரி விஷயங்கள் பிடிக்கும். எங்கள் ஊரிலும் ஒரே பெயரில் ஒரு தவில்காரரும் ஒரு சத்துணவு அம்மாவும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களை எல்லோருக்கும் தெரியும், குழப்பமில்லை. பட்டியலில் இருந்த ஒவ்வொருவரையும் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்திப் பார்த்தேன். மீசைக்காரர் பொருந்தினார். பாடகி வயதில் ஒரு பெண் வந்து நின்றதும் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டேன்.

மகனையே கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடும், அதுதான் பயம். வருவது மருமகள் என்று தெரிந்துவிட்டால் இவரிடம் மறைக்க என்னால் ஆகாது. கல்யாணத்துக்கு முன்னால் இன்னொரு சண்டை வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். ஆனால் விருந்தாளிக்குத் துணி வைத்துக் கொடுக்க வேண்டுமே. தஞ்சாவூர் ஜவுளிக்கடையில் ஒரு பட்டுக்கரை வேட்டி, துண்டு, ஒரு புடவை, ரவிக்கைத் துணி எல்லாம் எடுத்தேன்.

“ஒரு ஆளுக்கு எதுக்கு ரெண்டு உடுப்பு?” என்றார் இவர்.

“வர்றது ஆம்பளையா பொம்பளையான்னு தெரியலங்க.”

“உன் புள்ளையக் கேக்க வேண்டியதுதானே?”

மூன்று வருஷத்தில், வேண்டாம் என்று சொல்வதற்கு அல்லாமல், அவர் அந்தப் பேச்சை எடுத்தது அதுதான் முதல் தடவை. பெயரைச் சொல்லவில்லை. ‘உன் புள்ள’ என்றார். அதுவரைக்கும் லாபம் என்று நினைத்துக்கொண்டேன்.

திருக்கடையூரில் மண்டபத்து வாசலில் காரிலிருந்து இறங்கியது ஒரு பெண். ஐம்பத்தைந்து வயது இருக்கும். குட்டையாக வெட்டிய நரைத்த முடி, கறுப்புக் கால்சட்டை, தோளில் துணிப்பை. மகனின் பிரிவுக்கு மேலதிகாரியாம். நிறுத்தி நிறுத்தி ஆங்கிலம் பேசினார். முப்பது வருஷம் ஆங்கிலம் அடித்த கை எனக்கு, வாய்க்குத்தான் பழக்கமில்லை. இருந்தாலும் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டேன். இசுமி உங்கள் சொந்தப் பெயரா? அவர் சிரித்துவிட்டு, இல்லை, அது அப்பா வழிக் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் வேறு, அதைச் சொல்லிக் கூப்பிட இப்போது அம்மா மட்டும்தான் இருக்கிறார் என்றார். மருமகள் இல்லை என்றதும் நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

எங்கள் இருவரையும் மணையில் உட்கார வைத்துக் கலசத் தண்ணீர் ஊற்றும் நேரம் வந்தது. தலைக்கு மேல் சல்லடையைப் பிடித்துக்கொண்டு சாஸ்திரிகள், “மொதக் கலசம் பிள்ளை விடணும். பிள்ளை யாரு, வாங்கோ” என்றார். ஒருவரும் வரவில்லை. இவர் தலையைக் குனிந்துகொண்டார். கடைசியில் இவருடைய தம்பி வந்து ஊற்றினார். நனைந்திருந்ததால் என் கண்ணை யாரும் கவனிக்கவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் எனக்கு ஒரு பக்கம் இவர், இன்னொரு பக்கம் இசுமி. புடவையைத் தாம்பூலத்தோடு வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பொரியலை ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார். பிறகு பேச ஆரம்பித்தார். பேச்சில் என் வீட்டுக்காரர் பெயர் வந்தது. பெயரோடு ‘சான்’ சேர்த்து, நாம் ‘ங்க’ போடுகிற மரியாதைக்கு, சத்தமாகச் சொன்னார். அவர்தான் தினமும் காலையில் முதல் ஆளாக வருவார். அவர் கழற்றி மாட்டிய இயந்திரத்தில் ஒரு திருகாணி மிஞ்சாது. அவருக்குக் கோபம் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார் என்றெல்லாம் சொன்னார்.

இவர் ரசத்தைக் கையில் எடுத்தபடி நிறுத்தினார். “என் பேருதான வருது? என்ன பத்தி இவங்களுக்கு எப்படித் தெரியும்?”

எனக்கும் ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. அப்புறம்தான் நினைவு வந்தது. மகனுக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போது குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? தலையெழுத்து மாதிரி ஒரு இனிஷியல், அவ்வளவுதான். காலியாக விட்டால் ஜப்பானில் தொந்தரவு என்று ஏஜென்ட் சொன்னார். கணினி மையத்துப் பெண்ணிடம் இவர் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தவளே நான்தான். அங்கே போனால் அதைச் சொல்லித்தான் ஆளைக் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

“உங்களப் பத்தி இல்லங்க. அவனப் பத்தி. அங்க அவனுக்கு உங்க பேருதான்.”

“அப்ப அவன் பேரு?”

“அங்க யாரும் சொல்றதில்ல போலருக்கு.”

இசுமி எங்களைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். நான் சொன்னேன். உங்கள் நாட்டில் அது அப்பாவின் பெயர் என்று தெரிந்ததும் நாங்களே கேட்டோம், உன் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடட்டுமா என்று, என்றார் அவர். மகன் வேண்டாம் என்று சொன்னானாம். ‘எங்கள் வீட்டில் இந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்ல ஆளே கிடையாது. இங்கே எல்லோரும் சொல்கிறீர்கள். கேட்க நன்றாக இருக்கிறது, இதுவே இருக்கட்டும்’ என்றானாம்.

அதை நான் தமிழில் இவருக்குச் சொன்னேன். பாயசம் வந்தது, வேண்டாம் என்று கை காட்டினார். இனிப்பை வேண்டாம் என்கிற ஆள் இல்லை அவர்.

இசுமி சென்னைக்குக் கிளம்பும் முன் தொழிற்சாலை அலுவலக நம்பரை எழுதிக் கொடுத்தார். வேலை நேரத்தில் பையன்களின் போனெல்லாம் பெட்டிக்குள் பூட்டியிருக்கும், அவசரம் என்றால் இதில் கூப்பிடுங்கள், எடுக்கிறவருக்கு ஆங்கிலம் வராது, பெயரை மட்டும் சொன்னால் போதும் என்றார்.

மறுநாள் காலை காப்பி குடித்தபின் இவர் கூடத்துக்கும் கொல்லைக்குமாக நாலு தடவை நடந்தார். ஐந்தாவது தடவை நின்று, “அந்த நம்பர வச்சிருக்கியா?” என்றார்.

“ஏங்க, சாயங்காலம் அவனே கூப்புடுவான்.”

“சாயங்காலம் ஆவுமே” என்று சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

சாயங்காலம் வரை விட்டால் மனுஷன் துண்டை உதறிக்கொண்டு கிளம்பிவிடுவார் என்று எனக்குத் தெரியும். போனைப் போட்டேன். அந்தப் பக்கம் யாரோ கடகடவென்று ஜப்பான் மொழியில் கேட்டார். நான் மகனின் பெயரைச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். வைத்துவிடப் போகிறார் என்று தோன்றியது.

முப்பத்திரண்டு வருஷமாக நாக்கில் வராத பெயர். கண்ணை மூடிக்கொண்டு, கடைசியில் ‘சான்’ சேர்த்து, கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன்.

“என்ன?” என்று கொல்லையிலிருந்து குரல் வந்தது.

போனில் நாற்காலி நகரும் சத்தம், யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம், பிறகு ஓடிவந்த மூச்சோடு, அவர்கள் ‘ஆமாங்க’ என்பதற்குச் சொல்கிற “ஹை” என்றான் என் மகன், அப்படியே அப்பா குரலில்.

கொல்லையிலிருந்து வந்தவர் நிலைப்படியில் நின்று என்னையே பார்த்தார். யார் கூப்பிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் போனை அவர் கையில் கொடுத்தேன். காதில் வைத்துக்கொண்டார். அப்புறம் மூன்று வருஷமாக எடுக்காத அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

நான் அவருடைய துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்த்துவரக் கிளம்பினேன்.