வாய் மட்டும் அசையும் பாட்டு

எங்கள் ஊரில் பேருந்து ஓட்டத் தனிப் பொறுமை வேண்டும். நெரிசலைச் சொல்லவில்லை. ஏறுகிற பத்துப் பேரில் நாலு பேர் கையில் ஏதாவது ஒரு வாத்தியப் பெட்டி இருக்கும். வயலின் என்றால் மடியில் வைத்துக்கொள்ளலாம். பெரிய வயலின் மாதிரி மார்பளவுக்கு இருக்கும் செல்லோவை என்ன செய்வது? அதற்கும் ஓர் இருக்கை கேட்பார்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவர் சும்மா வரமாட்டார், ஏதாவது ஒரு பாட்டை முணுமுணுப்பார். முன்னால் இருப்பவர் திரும்பி, "அந்த இடத்துல கொஞ்சம் இறங்கணும் சார்" என்று திருத்துவார். இவர்கள் எல்லாரையும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் வண்டி ஓட்டுகிறவர் என் அக்காவின் கணவர்.

அத்தானைப் பற்றி எழுது என்றால் ஊரே சிரிக்கும். பரிசு வாங்கியதில்லை, மேடை ஏறியதில்லை, சத்தமாக ஒரு தும்மல்கூடப் போட்டதில்லை. ஆனால் பிள்ளை வளர்ப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று நான் எந்தச் சபையிலும் சொல்வேன். அக்கா சின்னக் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தருகிறவள். மற்றவர்களுக்கு விடுமுறை என்றால் அவளுக்குத்தான் வேலை கழுத்தை நெரிக்கும். ஆகவே சனி ஞாயிறுகளில் பிள்ளைகள் இரண்டும் அத்தான் பொறுப்பு. மூத்தவளுக்கு ஐந்து வயது, வீட்டில் அவள் பெயர் பட்டாணி. இரண்டு வயதுக்காரன் உருண்டை. பெயருக்கேற்ற உடம்பு, பெயருக்கேற்ற நடை.

சனிக்கிழமை காலை நூலகத்தின் பின்னறை. அங்கே பழைய வாத்தியங்களைப் போட்டுவைத்து, குழந்தைகள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டிருப்பார்கள். உருண்டை ஒரு மத்தளத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வான், இறக்கினால் ஊரைக் கூட்டுவான். அங்கிருந்து விளையாட்டுத் திடல். ஊஞ்சலுக்குப் பக்கத்தில் நீளமும் குட்டையுமாக இரும்புக் குழாய்களைத் தொங்கவிட்டிருக்கிறார்கள், ரப்பர்ச் சுத்தியலால் தட்டினால் ஒவ்வொன்றும் ஒரு சுரம். சாயங்காலம் கச்சேரி மண்டபத்தில் ஒத்திகை நடந்தால் குழந்தைகளுக்கு முன்வரிசையில் பாய் விரிப்பார்கள். படுத்துக்கொண்டே கேட்கலாம், தூங்கினாலும் யாரும் எழுப்பமாட்டார்கள். அத்தான்தான் முதலில் தூங்குவார் என்பது வேறு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை பூங்கா. அது எங்கள் ஊர் வழக்கம். மேடையில் நாலைந்து பேர் வாசிப்பார்கள், அக்கா முன்னால் நின்று கையை வீசுவாள், கீழே கூடியிருக்கும் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து பாடும். எல்லாம் குழந்தைப் பாட்டுகள், எல்லாருக்கும் மனப்பாடம். குழந்தைகள் அப்பாமார் தோளில் உட்கார்ந்திருக்கும். தோளில் குழந்தை இல்லாமல் வந்த அப்பாவைப் பார்த்தால் வீட்டில் எதையோ மறந்துவிட்டு வந்தவர் மாதிரி இருக்கும்.

உருண்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் அத்தான் பக்கத்தில் நிற்பேன். அவர் பாடுகிற அழகைப் பார்க்கவேண்டும். வாயை முழுசாகத் திறப்பார், மேலே போகிற இடத்தில் புருவமும் மேலே போகும், இழுக்கிற இடத்தில் கண்ணை மூடிக்கொள்வார். மனுஷர் வீட்டில் வாயைத் திறப்பதில்லை, இங்கே வந்தால் எப்படிக் கரைந்துபோகிறார் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

பட்டாணியும் அப்படித்தான் பாடிக்கொண்டிருந்தாள். பாடுவது என்றால், கத்துவது. சுருதி சுத்தம், சத்தம் அசுரச் சத்தம். அவள் குளியலறையில் ஆரம்பித்தால் எதிர்வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள். ஐந்து வயது முடிந்த கொஞ்ச நாளில் அது நின்றுபோனது. பேச்சு நிற்கவில்லை, அது ஓயாது. பாட்டு மட்டும்தான். அக்காவின் வகுப்பில் மற்றக் குழந்தைகளோடு நிற்பாள், வாய் அழகாக அசையும், சத்தம் வராது. "ஏன்டி பாடமாட்டேங்கற" என்று கேட்டால், "பாடறேனே" என்பாள்.

அக்கா முதலில் பிடிவாதம் என்று நினைத்தாள். பிறகு பயந்துவிட்டாள். தொண்டை டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். காது டாக்டரும் ஒன்றுமில்லை என்றார். அக்காவுக்கு அதுவும் போதவில்லை. நான் வேலை செய்யும் மருந்துக்கடைக்கே வந்து, இருமல் மருந்து வரிசைக்கு முன்னால் நின்று மூக்கைச் சிந்தினாள்.

"ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் நான் பாடச் சொல்லித்தரேன். என் பிள்ள வாயத் திறக்கறா, காத்துதான் வருது. நான்தான் என்னமோ செஞ்சிருக்கேன். ரொம்பத் திருத்திட்டேனோ என்னவோ."

பாட்டு வராவிட்டால் குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடாது என்று வேறு ஊரில் சொல்லலாம். இங்கே சொல்லிப் பாருங்கள்.

அடுத்த புதன்கிழமை அத்தான் லீவு போட்டிருந்தார். காலையிலிருந்து மழை, திடலுக்குப் போக வழியில்லை. நான் போனபோது சமையலறை மேசையில் கண்ணாடித் தம்ளர்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு அளவு தண்ணீர் ஊற்றிக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தார்கள். உருண்டை ஒரு தம்ளரைச் சுருதியோடு சேர்த்துக் குடித்துவிட்டான். அத்தான் அதில் மறுபடி ஊற்றினார். பட்டாணி தவளைப் பாட்டைத் தட்டினாள். எங்கள் ஊர்க் குழந்தைகள் நடப்பதற்கு முன்னால் கற்றுக்கொள்ளும் பாட்டு அது. மூன்றாவது வரியில் தவளை கல்லுக்குத் தாவும், பாட்டும் கூடவே மேலே தாவும். ஒரு தட்டுக்கூடப் பிசகவில்லை. வாய் மட்டும் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏண்டி, தம்ளர் பாடுது, நீ பாட மாட்டியா?"

"பாடறேன் சித்தி. பெரியவங்க மாதிரி பாடறேன்."

"எந்தப் பெரியவங்க இப்படிப் பாடறாங்க?"

"அப்பா." கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னாள். "தோள்ல உக்காந்து கழுத்துல கை வச்சுப் பாத்தேன். அம்மா பாடினா கழுத்து கிர்ர்னு ஆடும். அப்பா கழுத்து ஆடவே ஆடாது. அப்பா வாயால மட்டும் பாடுவாரு. சத்தம் போட்டுப் பாடறது சின்னப் பிள்ளைங்க. எனக்கு அஞ்சு வயசு."

"அம்மா சத்தமாத்தானே பாடறா?"

"அம்மா டீச்சர். டீச்சர் சத்தமாத்தான் பாடணும்."

"நானும்தான் பாடறேன்."

"உனக்குத்தான் இன்னும் கல்யாணமே ஆகலையே" என்றாள்.

வேறு நேரமாக இருந்தால் அதற்கு ஒரு கிள்ளு வைத்திருப்பேன். நான் அத்தானைப் பார்த்தேன். கையில் தண்ணீர்ச் செம்போடு நின்றார். கையும் களவுமாகப் பிடிபட்ட முகம் என்று சொல்வார்களே, அதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். தம்ளர் நிரம்பி மேசையில் வழிந்தது, அவர் கவனிக்கவில்லை.

பிள்ளைகள் ஈரத்தைத் துடைக்கும் சாக்கில் இன்னும் ஈரமாக்கிக்கொண்டிருக்க, நான் அவரை மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"ஸ்கூல்ல விழாவுக்குப் பாடப் பழகினோம்மா" என்றார். "பாட்டு டீச்சர் நல்லவங்கதான், திட்டலை. எல்லாரும் பாடறப்ப காதக் கிட்ட கொண்டுவந்து கேட்டாங்க. அப்புறம் மெதுவா, நீ வாய மட்டும் அசைச்சாப் போதும்பான்னாங்க. சரின்னு அசைச்சேன். அதுக்கப்புறம் இறங்கறதுக்கு ஒரு ஸ்டாப்பே வரல."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"பொண்ணு பாக்க வந்தப்பவே கேட்டா, பாடுவீங்களான்னு. ஞாயித்துக்கிழமை பாடுவேன்னேன்."

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பிறகு சிரிப்பு போய்க் கோபம் வந்தது. யார் மீது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த டீச்சர் மீதா, இவர் மீதா, எவன் பாடினாலும் இறங்கணும் ஏறணும் என்று காதைத் தீட்டிக்கொண்டு திரியும் இந்த ஊர் மீதா.

"அவ டாக்டர் டாக்டரா அலையறா அத்தான். தன் மேலயே பழியப் போட்டுக்கிட்டு அழறா. இன்னிக்கே சொல்லிடுங்க. பிள்ளைகிட்டயும் எடுத்துச் சொல்லுங்க."

பிள்ளையிடம் அன்றைக்கே சொல்லிப் பார்த்திருக்கிறார். அப்பா பாடுவது சரியான பாட்டு இல்லை, நீ பழைய மாதிரி சத்தமாகப் பாடு என்று. பட்டாணி யோசித்துவிட்டு, "அப்ப நீயும் சத்தமா பாடு" என்று சொல்லிவிட்டாள். அதற்குமேல் அவளிடம் பேச்சு எடுபடவில்லை. அக்காவிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லாவிட்டால் நானே சொல்லிவிடுவேன் என்று மிரட்டிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை கடைக்கு வந்து நின்றார். டிப்போவில் வண்டியை ஓரமாக நிறுத்தி, ஜன்னலையெல்லாம் ஏற்றிவிட்டு, தவளைப் பாட்டைப் பாடிப் பார்த்தாராம். மெக்கானிக் வந்து கதவைத் தட்டி, "பெல்ட் தேயுது போல அண்ணே, சத்தம் இங்க வரைக்கும் வருது" என்றானாம். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

"வரலம்மா. எங்க ஏறணும், எங்க இறங்கணும்னு ஒண்ணும் பிடிபடல. கேக்கும்போது தெரியுது, பாடினா வேற எங்கயோ போயிடுது."

"அப்ப விட்டுடுங்க. நான் அக்காகிட்ட பேசறேன். அவ ஏதாவது வழி பாப்பா."

"நான் விட்டா பட்டாணி விட்டுடுவா" என்றார். "எனக்குப் பரவால்ல. நான் பழகிட்டேன். அவளுக்கு அந்தப் பழக்கம் வேணாம்." அந்தக் குரலில் அத்தான் பேசி நான் கேட்டதில்லை. ஒரு தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில், நல்ல கூட்டம். அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. எப்போதும் நிற்கிற இடம் ஓரமாக, ஒரு மரத்தடி. அன்றைக்கு அதை விட்டு இன்னும் நடுவில் போய் நின்றார். ஓடி ஒளிய வழி வைத்துக்கொள்ளக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. பட்டாணி தோளில் இருந்தாள். நான் உருண்டையோடு பக்கத்தில் நின்றேன். முதல் இரண்டு பாட்டுக்கு அத்தான் வாயைக்கூட அசைக்கவில்லை. மூன்றாவது தவளைப் பாட்டு. அக்கா கையை உயர்த்தினாள்.

அத்தான் பாடினார்.

அதை எப்படிச் சொல்வது? நான் அவரை உயிருக்குயிராக மதிக்கிறவள், ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. பெரிய குரல். இத்தனை வருஷம் உள்ளே கிடந்த குரல் கனமாக, கரகரப்பாக வந்தது. கூட்டம் ஒரு சுரத்தில் நின்றால் இவர் பக்கத்துத் தெருவில் நின்றார். தவளை கல்லுக்குத் தாவும் இடத்தில் எல்லாரும் மேலே போக, இவர் தவளை மட்டும் சேற்றில் இறங்கியது. முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். ஒரு பெரியவர் தன் காதைத் தொட்டுக்காட்டி என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் அதைவிடப் பெரிய பார்வையாகத் திருப்பிப் பார்த்தேன், அவர் மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மேடையில் அக்காவின் கை தயங்கியது. நூறு பேரில் ஒருத்தர் பிசகினாலும் அவளுக்குத் தெரியும். கண்ணால் கூட்டத்தில் தேடினாள், கண்டுபிடித்தாள். வாயை இத்தனை அகலமாகத் திறந்துகொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, வியர்த்து வழிய நிற்கிற தன் கணவரைப் பார்த்தாள். என்ன புரிந்ததோ, எவ்வளவு புரிந்ததோ. அவள் முகம் கோணியது, அழப் போகிறவள் மாதிரி. கையை மட்டும் நிறுத்தவில்லை. கொஞ்சம் மெதுவாக வீச ஆரம்பித்தாள், கூட்டமும் மெதுவானது. அத்தானால் அப்போதும் பிடிக்க முடியவில்லை.

பட்டாணி தோளிலிருந்து குனிந்து அவர் முகத்தைத் தலைகீழாகப் பார்த்தாள்.

"அப்பா, அது அப்படி இல்ல."

"எப்படிடா?" என்றார் அத்தான். மூச்சு வாங்கியது.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவர் தலைமுடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூன்றாவது வரியைப் பாடினாள். முழுக் குரலில், வஞ்சகமில்லாமல், ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி. எனக்குக் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது, உருண்டையின் சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

அத்தான் அதே வரியைப் பாடினார்.

"தப்பு" என்றாள். மறுபடி பாடிக் காட்டினாள். அவர் பாடினார். "இல்லப்பா, இன்னும் மேல போகணும்." பாடிக் காட்டினாள். அதற்குள் மேடையில் தவளைப் பாட்டு முடிந்து அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்கள். இவர்கள் இரண்டு பேரும் கூட்டத்தின் நடுவில் நின்று அந்த ஒரே வரியிலேயே இருந்தார்கள்.

"போதும்டா, அப்பாவுக்கு இது வராது" என்றார் அத்தான்.

"தப்பாத்தான் இருக்கு. மறுபடி பாடு" என்றாள் பட்டாணி.

தப்பு என்று அவருக்குச் சொன்னவர்கள் உண்டு. மறுபடி பாடு என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. அத்தான் அவள் கால் இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு மறுபடி பாடினார். அதுவும் தப்புதான்.