மேஸ்திரி கேட்ட அரை மணி நேரம்

போன ஞாயிறு காலை, தங்கை செல்வியிடமிருந்து போன். "அண்ணா, ராத்திரி பெஞ்ச மழைல ஹாலுக்குள்ள தண்ணி வந்துடுச்சு. சீக்கிரம் வா."

பருத்திப்பட்டில் அவள் வீடு கட்டிக் குடிபோய் இரண்டு வருடம்கூட ஆகவில்லை. போய்ப் பார்த்தால்... சோபா தண்ணீரில் நிற்கிறது. ஃப்ரிட்ஜைச் செங்கல் மேல் ஏற்றியிருக்கிறார்கள். நானும் பேண்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன்.

"எல்லாம் அந்த ஏகாம்பரம் மேஸ்திரி பண்ணின வேலை! மட்டம் பார்க்கத் தெரியாத ஆளு. தெரு பூரா சொல்லிட்டேன். எதிர்வீட்டுக்காரர் மாடி கட்ட அவரைத்தான் பேசி வச்சிருந்தாரு. இப்ப வேணாம்னுட்டாரு" என்றாள்.

நான் அவள் முகத்தைப் பார்க்காமல் துடைப்பத்தை எடுத்துக்கொண்டேன். மும்முரமாகத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். நான் சிவில் இன்ஜினியரிங் படித்தவன். படித்ததோடு சரி, வேலையெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால்தான். ஆனாலும் செல்விக்கு நான் இன்ஜினியர் அண்ணன். வீட்டு வேலையை மேற்பார்வை பார்க்கச் சொன்னாள். பெருமையாகப் போய் நின்றேன்.

அஸ்திவாரம் முடிந்த அன்று ஏகாம்பரம் கையில் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூபோடு வந்தார். "சார், தெரு முனைலேந்து ஒரு தபா மட்டம் பாத்துக்கலாம் சார். இந்த எடம் பள்ளமா கீறாப்புல தெரியுது. பேஸ்மட்டம் இன்னொரு அடி ஏத்திகினா நல்லது. அரை மணி நேர வேலைதான்."

மேஸ்திரி எனக்குச் சொல்வதா? "ஏரி அந்தப் பக்கம் இருக்கு. தண்ணி தானா அங்கதான் போகும். நான் இதைத்தான் நாலு வருஷம் படிச்சேன்" என்றேன்.

"படிச்சவங்க சொன்னா சரிதான் சார்" என்று டியூபைச் சுருட்டிவிட்டார்.

என்ன படித்தேன்? சர்வே பிராக்டிகலில் ஓர் இடத்தில் ஆரம்பித்து, அளந்துகொண்டே போய், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து சரிபார்க்க வேண்டும். எப்படி அளந்தாலும் கொஞ்சம் பிசகு வரும். எங்கள் குழுவுக்கு மட்டும் வந்ததே இல்லை! பூந்தமல்லி ரோட்டு டீக்கடையில் உட்கார்ந்து, சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து எழுதினால் எப்படி வரும்?

"வெயில்ல நிக்காம இவ்வளவு சுத்தமா அளந்த பேட்ச் நீங்கதான்டா" என்றார் புரொபசர். சிரித்தோம். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என்னிடம் இருந்தது அதுகூட இல்லை... சீனியரின் ஏட்டுச் சுரைக்காய்.

திங்கட்கிழமை ஏகாம்பரத்துக்குப் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்கத்தான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இழுத்தேன்.

அவரே முந்திக்கொண்டார். "தங்கச்சி போன் பண்ணி கத்துச்சு சார். நான் உங்க பேரை எடுக்கல. அண்ணன் தங்கச்சிக்குள்ள நாம எதுக்கு சார் சண்ட மூட்டிகினு?"

வெட்கமாக இருந்தது. பிழைப்பு போனது அவருக்கு. மரியாதை காப்பாற்றப்பட்டது எனக்கு. சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை செல்வி வீட்டுக்குப் போய், டீ மட்டும் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

அவள் நான் பத்திரிகையில் எழுதும் இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவள். அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

செல்வி, அவர் சொன்னாரும்மா. நான்தான் கேட்கவில்லை. எதிர்வீட்டுக்காரருக்கும் இதைப் படித்துக் காட்டு.