ஒன்பதாம் வகுப்புக்கு ஆள் சேர்த்த கதை

எங்கள் ஊர் சாம்பல்தீவுக்கு வடக்கே, கடலோடு ஒட்டிக் கிடந்தது. மீசை அரும்பிய ஆண்பிள்ளைகள் கரைவலை இழுக்கப் போய்விடுவார்கள். பெண்பிள்ளைகள் பெரியபிள்ளையானதும் வீட்டோடு நிறுத்தப்படுவார்கள். பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு மேலே ஆள் உட்காராத வெறும் வாங்குகள்தான் படித்துக்கொண்டிருந்தன.

எனக்கும் அதே கதிதான். தலைக்குத் தண்ணீர் வார்த்த கையோடு என் படிப்பையும் கைகழுவினார்கள். சாமத்தியச் சடங்குக்குத் தலைமை வாத்தியாரும் வந்தார். வயிறு முட்டச் சாப்பிட்டார். இந்தப் பிள்ளையை நிறுத்தாதீர்கள் என்று ஒரு சொல், மருந்துக்கும் அவர் வாயிலிருந்து வரவில்லை. நான் அறைக்குள் இருந்து அழுதேன். பிறகு பழைய புத்தகங்களை எடுத்து, குசினிக்குள் அடுப்பைப் பார்த்தபடி நானே படித்தேன்.

அடுத்த மாரிக்கு முன் ஒருநாள் அதே மனிதர் எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார். பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் வித்தியாதரிசி வருகிறாராம். ஒன்பதாம் வகுப்பில் பிள்ளைகள் காணாவிட்டால் அந்த வகுப்பையே மூடிவிடுவார்களாம். அப்பாவோடு வேலியடியில் நின்று நெடுநேரம் கதைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"பெரியபிள்ளையெண்டா என்ன, படிக்கக்கூடாதோ? காலம் மாறிப்போச்சு. நாளைக்குப் பள்ளிக்கூடம் வா பிள்ளை."

"ஒவ்வொரு நாளும் வரலாமோ சேர்?"

"ஓம் ஓம், வா."

ஐயோ, அன்றைக்கு எனக்கு வந்த சந்தோசம்! பழைய வெள்ளைச் சட்டை இறுக்கமாகிவிட்டது. அம்மா தையலைப் பிரித்து விட்டுத் தந்தாள். அவள் ஏன் என் முகத்தைப் பார்க்கவில்லை என்று யோசிக்க எனக்கு எங்கே நேரம்!

மறுநாள் வகுப்பு நிறைந்திருந்தது. என்னைப் போல நிறுத்தப்பட்ட பெட்டைகள் எல்லாரும் வந்திருந்தார்கள். வித்தியாதரிசி கேத்திரகணிதத்தில் ஒரு தேற்றத்தை நிறுவச் சொன்னார். ஒருவரும் எழும்பவில்லை. நான் எழும்பிப் போய்க் கரும்பலகையில் முழுவதும் எழுதினேன்.

"கெட்டிக்காரி. இவள் சோதினையில விழமாட்டாள்" என்றார் அவர்.

"நாங்கள் தனிக்கவனம் எடுத்துப் படிப்பிக்கிறம் சேர்" என்றார் எங்கள் தலைமை வாத்தியார். பொய் சொல்லும்போது அந்த மனிதருக்கு முகம் எப்படி மலர்ந்தது!

அடுத்த நாள் காலையில் நான்தான் முதல் ஆளாகப் போனேன். தலைமை வாத்தியார் வாசலிலேயே மறித்தார்.

"ஏன் வந்தனீ?"

"படிக்க, சேர்."

"அவர் வந்திட்டுப் போட்டார். இனி வகுப்பை மூடமாட்டினம். குமர்ப்பிள்ளை நீ, ரோட்டால திரிஞ்சா ஊர் என்ன கதைக்கும்? வீட்டை போ."

உள்ளே பெடியள் சிரித்தார்கள். அழுதுகொண்டு கடற்கரைக்கு ஓடினேன். அப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"அவர் ஒரு நாளைக்குத்தானே உன்னைக் கேட்டவர். வகுப்பை மூடாட்டித்தானே உன்ர தம்பி ஊரிலயே படிக்கலாம். உனக்கென்ன விசரோ, இண்டைக்கும் வெளிக்கிட்டனீ?"

இரவல் சாமானைத் திருப்பிக் கொடுப்பது போல என்னைத் திருப்பி அனுப்பினார்கள். கேட்டவருக்கும் தெரியும், கொடுத்தவருக்கும் தெரியும். பெத்த தாய்க்கும் தெரிந்திருக்கிறது. அவர்களில் ஒருவரையும் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

வகுப்பை மூடவில்லை. தம்பி அதில் சேர்ந்தான். பின்னேரங்களில் அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க என்னைத்தான் இருத்தினார்கள். அவன் சோதினையில் இரண்டு தரம் விழுந்தான். பிறகு, படிப்பு ஏறாது என்று தானே சொல்லிவிட்டுக் கரைவலைக்குப் போனான். அவனை ஒருவரும் ஒரு சொல் ஏசவில்லை.